‘வேரிற் பழுத்த பலா’ யாருடையது?

‘கோரிக்கையற்றுக் கிடக்குதண்ணே இங்கு வேரிற் பழுத்த பலா’ என்ற வரியைப் புதுச்சேரியில் இருந்தபோது பாரதியார் எழுதியதாக இங்கே பலர் பகிர்ந்திருக்கிறீர்கள். அது பாரதிதாசனுடையது, நண்பர்களே.

கைம்பெண்ணின் துயரைச் சொல்லும் பாட்டு. கைக்கெட்டும் உயரத்தில் பழுத்தும் யாரும் கேட்காத பலா. குளிர் வடியும் வட்டநிலாவைக் கொடியதென்று எண்ணும் ஊர். அவளிடம் குறையில்லை, தீர்ப்புச் சொல்கிறவர்களிடம்தான் என்கிறார். 1920இல் மணமாகிக் குடும்பஸ்தராக வாழ்ந்தவர் இப்படி எழுதியது எனக்குப் பெரிய விஷயம்.

சரிபார்ப்பது சுலபம். 1938இல் வந்த ‘பாரதிதாசன் கவிதைகள்’ முதல் தொகுதியில் ‘பெண்ணுலகு’ பகுதியைப் புரட்டுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்திலேயே படிக்கலாம். அப்புறம், பகிர்ந்த படத்தில் பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள்.