கேள்வி பழசு, விதி மட்டும் புதுசு

சனிக்கிழமை நடந்த கல்லூரிகளுக்கு இடையிலான கோடிங் போட்டியைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இரண்டு நாளாக இங்கே ஓடும் பேச்சைப் பார்த்த பிறகு, அதுவும் நேற்று ராத்திரி ஒருவர் "தோற்ற கல்லூரிகளின் புலம்பல்" என்று எழுதியதைப் படித்த பிறகு, சும்மா இருக்க முடியவில்லை. என்ன நடந்தது என்று உங்களில் பலருக்குத் தெரியும்: போட்டிக்கு மூன்று நாள் முன்னால் திடீரென்று ஏஐ கருவிகளை அனுமதித்தார்கள், அதைக் கேள்வி கேட்டவர்களைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். அந்தப் போட்டிக்கு ஓர் அணியைக் கூட்டிக்கொண்டு போன ஆசிரியை நான். நடத்திய கல்லூரியின் பெயரை இங்கே இழுக்கப் போவதில்லை. அங்கே எனக்கு நல்ல நண்பர்கள் இருக்கிறார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஏஐ கருவிகளை அனுமதித்ததை நான் எதிர்க்கவில்லை. நானே தினமும் பயன்படுத்துகிறேன். லேப் கையேட்டைச் சரிபார்க்க, வினாத்தாளுக்கு மாதிரி உள்ளீடு தயாரிக்க, பிழைச் செய்தி புரியாதபோது கேட்க, எல்லாவற்றுக்கும். என் கோபம் வேறு. மூன்று மணி நேரம், எட்டு கேள்வி, மூன்று பேர் கொண்ட அணி, ஒரு கணினி என்று வருஷா வருஷம் நடக்கும் அதே போட்டி. அதே மாதிரிக் கேள்விகள். புதன்கிழமை ராத்திரி வந்த மெயிலில் "எந்த ஜெனரேட்டிவ் ஏஐ கருவியையும் பயன்படுத்தலாம்" என்று ஒரு வரி. அது ஒன்றுதான் மாறியது. கேள்வி மாறவில்லை, மதிப்பெண் போடும் முறை மாறவில்லை, பரிசுப் பட்டியல் மாறவில்லை.

கேள்வியை மாற்றாமல் விதியை மட்டும் மாற்றினால் அந்தப் போட்டி எதை அளக்கிறது? இதுதான் என் கேள்வி. இரண்டு நாளாக இதற்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

எட்டில் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். ஊர்களுக்கு இடையே சாலைகள், ஒவ்வொரு சாலைக்கும் ஒரு கட்டணம். கையில் ஒரே ஒரு பாதிவிலைக் கூப்பன். ஏதாவது ஒரு சாலையில் அதைப் பயன்படுத்தலாம். முதல் ஊரிலிருந்து கடைசி ஊருக்கு மிகக் குறைந்த செலவில் எப்படிப் போவது? போட்டிக்குப் பயிற்சி எடுத்த யாருக்கும் இது தெரிந்த வகைக் கேள்வி. எங்கள் அணியில் ஒரு மூன்றாம் ஆண்டு மாணவி. இந்த வகைக் கணக்கை முதல்முறை கொடுத்தபோது இரண்டு நாள் திணறினாள். குறைந்த செலவுப் பாதையைக் கண்டுபிடிக்கும் டைக்ஸ்ட்ரா முறை தெரியும், கூப்பனை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் காலையில் லேபுக்கு வந்து போர்டில் ஒரு படம் வரைந்தாள். அதே வரைபடத்தை மேலும் கீழுமாக இரண்டு தடவை. "மாடி வீடு மாதிரி மேம். கூப்பன் கையில் இருக்கிறவரை மேல் மாடியில் நடக்கிறோம். பயன்படுத்தின உடனே கீழே இறங்கிடுறோம். திரும்ப ஏற முடியாது." அவ்வளவுதான், கணக்கு முடிந்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தக் காலையில் அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

சனிக்கிழமை அதே வகைக் கேள்வி வந்தது. அவள் காகிதத்தில் இரண்டு மாடி வரைந்தாள், 28 நிமிடத்தில் எழுதி அனுப்பினாள். ஒரு தடவை தவறு என்று வந்தது. கூட்டுத்தொகை இன்ட் என்ற சிறிய எண்வகைக்குள் அடங்கவில்லை, லாங் லாங் என்ற பெரிய எண்வகைக்கு மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு 20 நிமிட அபராதம். சரி, அது அவள் தவறு, அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பக்கத்து மேஜையில் கேள்வியை அப்படியே நகலெடுத்து ஏஐ கருவியில் ஒட்டினார்கள், வந்த பதிலை அப்படியே அனுப்பினார்கள். எட்டு கேள்வியும் 35 நிமிடத்தில் முடிந்து காப்பி குடிக்கப் போய்விட்டார்கள். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குத் துளிக்கூட வருத்தமில்லை. விதி அனுமதித்ததைச் செய்தார்கள்.

"உங்கள் அணியும் பயன்படுத்தியிருக்கலாமே" என்று கேட்பவர்களுக்கு: பயன்படுத்தினார்கள். இலவசக் கணக்கில். மூன்றாவது கேள்வியைப் போட்டபோது இன்றைய அளவு முடிந்துவிட்டது, மாலை 5 மணிக்குப் பிறகு வாருங்கள் என்று வந்தது. போட்டி மதியம் 1 மணிக்கு முடிந்தது. மாதம் 20 டாலர் சந்தா இருக்கிறது, 200 டாலர் சந்தாவும் இருக்கிறது. மாணவர்களுக்கு ஓராண்டு இலவசம் என்று சில நிறுவனங்கள் கொடுத்ததும் தெரியும். ஆனால் எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் லேப்டாப்பே சீனியரிடமிருந்து வாங்கியது. போட்டி நடத்துகிறவர்கள் எல்லா அணிக்கும் ஒரே கருவி, ஒரே அளவு என்று கொடுத்திருந்தால் நான் இந்தப் பதிவை எழுதியிருக்கவே மாட்டேன்.

"கால்குலேட்டர் வந்தபோதும் இப்படித்தான் கத்தினார்கள்." இந்த வாதத்தை மட்டும் நேற்றிலிருந்து ஏழெட்டுப் பேர் எழுதிவிட்டார்கள். கால்குலேட்டரை அனுமதித்த தேர்வில் யாராவது பெருக்கல் வாய்ப்பாடு கேட்டார்களா? கருவியை உள்ளே விட்டபோது கேள்வியும் மாறியது. நான் கேட்பது அதைத்தான்.

சதுரங்கத்தைப் பாருங்கள். 1997-ல் ஐபிஎம்மின் டீப் ப்ளூ கணினி உலக சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்தது. அடுத்த வருஷமே காஸ்பரோவ் ஸ்பெயினின் லியோன் நகரில் இரண்டு பக்கமும் கணினியை வைத்துக்கொண்டு ஆடும் ஆட்டத்தைத் தொடங்கினார். நம் ஆனந்தும் அங்கே போய் ஆடி ஜெயித்தார். அதற்குத் தனிப் பெயர் இருந்தது, அட்வான்ஸ்டு செஸ். இருவர் கையிலும் கணினி இருந்தது. உலக சாம்பியன்ஷிப்பில் அதை யாரும் சத்தமில்லாமல் நுழைக்கவில்லை.

நம் துறையிலேயே இருக்கிறது. 2025 செப்டம்பரில் அஜர்பைஜானின் பாகூவில், கல்லூரி அணிகளுக்கான உலகக் கோடிங் போட்டியான ஐசிபிசியின் இறுதிப் போட்டி. 139 அணிகள், ஐந்து மணி நேரம், 12 கேள்விகள். முதலிடம் பிடித்த செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அணி 11 போட்டது. ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் ஏஐ மாடல் 12 கேள்வியையும் போட்டது, கூகுளின் ஜெமினி 10 போட்டது, அதிலும் எந்த மாணவர் அணியும் போடாத ஒரு கேள்வியையும் சேர்த்து. உலகமே வியந்தது, நானும் வியந்தேன். ஆனால் அந்த மாடல்களைத் தனியாக வைத்துத்தான் பார்த்தார்கள். பதக்கப் பட்டியலில் மாணவர்கள் மட்டும்தான். ஜப்பானின் கோடிங் போட்டித் தளமான அட்கோடர் தன் வாராந்திரப் போட்டிகளில் ஏஐக்குத் தடை வைத்திருக்கிறது. அதே அட்கோடர்தான் 2025 ஜூலையில் டோக்கியோவில் ஓப்பன்ஏஐயின் மாடலைப் பத்து மணி நேரப் போட்டியில் மனிதர்களோடு மோதவிட்டது. போலந்துக்காரர் ஒருவர் ஜெயித்தார், மாடல் இரண்டாவது வந்தது. எந்தப் போட்டி எதற்கு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. உலகத்தின் உச்சியில் இருப்பவர்களே இவ்வளவு கவனமாக இருக்கும்போது நமக்கு என்ன அவசரம்?

"வேலைக்குப் போனால் ஏஐதானே" என்கிறார்கள். ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் வேலையில் வருவது மாதிரி கேளுங்கள். பத்தாயிரம் வரி உள்ள பழைய கோடைக் கொடுத்து, அதில் ஒளிந்திருக்கும் பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பாதி முரண்பாடான தேவைப் பட்டியலைக் கொடுத்து, எது முரண் என்று கேளுங்கள். கடைசியில் பத்து நிமிடம் எதிரே உட்காரவைத்து "இந்த வரி எதற்கு?" என்று கேளுங்கள். அப்படி ஒரு போட்டி வைத்தால் முதல் ஆளாக என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவேன். "தடை செய்தால் ஒளித்துப் பயன்படுத்துவார்கள்" என்பதும் உண்மைதான், மறுக்கவில்லை. இணையத்தைத் துண்டித்த லேபில் அது பெரிய கஷ்டமில்லை.

இதெல்லாம் சொல்லி முடித்தாலும் மனசு ஆறவில்லை. காரணம் பரிசளிப்பில் மேடையில் இருந்தவர் சொன்ன ஒரு வாக்கியம். "இன்னும் காகிதத்தில் படம் போட்டுக்கொண்டிருப்பவர்கள் காலத்தோடு மாற வேண்டும்." அரங்கில் சிரித்தார்கள். எங்கள் பிள்ளைகள் ஆறாவது வரிசையில் இருந்தார்கள். அவள் மடியில் அந்தக் காகிதம் இருந்தது.

நான் காகிதத்தில் படித்தவள். 2006-ல் பொறியியல் சேர்ந்தபோது வீட்டில் கணினி கிடையாது. லேபில் டர்போ சி என்ற பழைய நிரலாக்க மென்பொருளின் நீலத்திரைக்கு முன்னால் மூன்று பேர், கீபோர்டு ஒருவர் கையில்தான் இருக்கும். என் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். அதனால் ராத்திரி நோட்டில் நிரலை எழுதி, பக்கத்தில் கோடு போட்டு, நிரலில் வரும் ஐ என்ற மாறியின் மதிப்பு இப்போது என்ன, ஜே-யின் மதிப்பு என்ன என்று ஒவ்வொரு சுற்றாக நிரப்புவேன். ஒரு சுழற்சி எங்கே உடைகிறது என்று கம்ப்யூட்டர் இல்லாமலே தெரியும். இன்று எனக்குச் சோறு போடுவது அந்தப் பழக்கம்தான். ஏஐ தரும் கோடில் எது தப்பு என்று என்னால் பார்த்தவுடன் சொல்ல முடிகிறதென்றால் அதுவும் அதனால்தான். கையால் படம் போடுகிற பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்கு இதை எப்படிப் புரியவைப்பது?

தோற்றதால் பேசுகிறேன் என்றால் சரி, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பதினோராவது இடம் வந்தோம். போன வருஷம் இருபத்திமூன்றாவது இடம் வந்தபோது வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் மூவரும் எந்தக் கேள்வியை எப்படிப் போட்டிருக்கலாம் என்று சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள், எனக்குத் தலைவலியே வந்தது. இந்த வருஷம் ஒருவரும் பேசவில்லை. மூன்று மணி நேரப் பயணம். ஒரு கேள்வியைப் பற்றிக்கூடப் பேச்சில்லை.

ஒருங்கிணைப்பாளருக்கு மெயில் எழுதிவிட்டேன். அடுத்த வருஷம் இரண்டு பிரிவாக நடத்துங்கள், ஏஐ பிரிவில் எல்லோருக்கும் ஒரே கருவி கொடுங்கள், கேள்விகளை அதற்கென்றே தயாரியுங்கள். கேள்வி தயாரிக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம். பதில் இன்னும் வரவில்லை.

இன்று காலை லேபைத் திறந்தபோது அந்த இரண்டு மாடிப் படம் போர்டில் அப்படியே இருந்தது. அவள்தான் முதலில் பார்த்தாள். "அழிச்சிடவா மேம்?" என்றாள். வேண்டாம் என்றேன். மதியம் முதலாமாண்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். அந்தப் படத்தை வைத்து அவளையே பாடம் நடத்தச் சொல்லியிருக்கிறேன்.