காயங்களை எண்ணும் பெரிய வெள்ளி

ஒவ்வோர் ஆண்டும் தவக்காலத்தின் கடைசி வாரம் வந்துவிட்டால் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு நீண்ட செய்தி சுற்றத் தொடங்கிவிடும். சிலுவையில் இயேசுவின் உடலுக்கு என்னென்ன நேர்ந்தது என்பதை மருத்துவ மொழியில் விவரிக்கும் செய்தி அது. சாட்டையின் நுனியில் கட்டப்பட்டிருந்த எலும்புத் துண்டுகள், ஆணி துளைத்த நரம்பின் பெயர், தோள்மூட்டு விலகிய விதம், நுரையீரலைச் சுற்றி நீர் கோத்த நேரம் என்று அது போய்க்கொண்டே இருக்கும். பெரிய வெள்ளியன்று நண்பகல் முதல் மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனையில் இதே செய்தி பிரசங்கமாக மேடையேறுவதையும் பலமுறை கேட்டிருக்கிறேன். இந்த வகை விவரணை ஆகாயத்திலிருந்து வந்ததில்லை. பியேர் பார்பே என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர், சிலுவையில் தொங்குபவர் மூச்சுத்திணறியே இறக்கிறார் என்று எழுதினார். 1986இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழும் இயேசுவின் உடல் எப்படி மரணமடைந்தது என்பது குறித்து ஒரு கட்டுரை வெளியிட்டது. ஃபிரெடெரிக் சுகிபே என்ற அமெரிக்க மருத்துவரோ, தன்னார்வலர்களைச் சிலுவையில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்து, மூச்சுத்திணறல் கோட்பாட்டை மறுத்தார். மருத்துவர்களுக்குள்ளேயே முடியாத இந்த வழக்குக்கு நம் பிரசங்க மேடைகள் எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டன.

ஆனால் எனது ஆட்சேபம் மருத்துவம் சரியா தவறா என்பதைப் பற்றியதில்லை. நம் பிரசங்கங்கள் மணிக்கணக்கில் விவரிக்கும் அந்த உடல்வேதனையைப் பற்றிச் சுவிசேஷங்களை எழுதியவர்கள் ஏறக்குறைய ஒன்றுமே சொல்லவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. மாற்கு 15ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு வசனத்தின் தொடக்கத்தில் அவரைச் சிலுவையில் அறைந்தாகிவிட்டது. அதே வசனத்தின் மீதியில் சேவகர் அவருடைய உடைகளுக்குச் சீட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சாட்டையடி ஒரு வாக்கியத்தின் ஓரத்தில் வந்து போகிறது. லூக்காவிலோ ரோம ஆளுநர் பிலாத்து தண்டித்து விடுதலை செய்வதாகச் சொல்கிறானே தவிர, அடித்த காட்சியே இல்லை. நான்கு சுவிசேஷங்களிலும் பாடுகளின் வரலாற்றில் ஓர் இடத்திலும் ஆணி பேசப்படவில்லை. உயிர்த்தெழுதலுக்குப் பிறகு தோமா சந்தேகப்படும்போது, யோவான் 20ஆம் அதிகாரத்தில்தான் அது முதன்முதலாகத் தலைகாட்டுகிறது.

விவரிக்கத் தெரியாததால் அவர்கள் விட்டுவிடவில்லை. அவர்களுடைய வாசகர்களுக்குச் சிலுவை என்னவென்று சொல்லித்தர வேண்டிய தேவையே இருக்கவில்லை. அரசன் ஏரோது இறந்த கி.மு. 4ஆம் ஆண்டில் கலகம் எழுந்தபோது, சிரியாவின் ஆளுநரான வாரஸ் சுமார் 2000 பேரைச் சிலுவையில் அறைந்தான் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். கி.பி. 70இல் ரோமத் தளபதி தீத்துவின் படை எருசலேமை முற்றுகையிட்டபோது, உணவு தேடி மதிலுக்கு வெளியே வந்து பிடிபட்டவர்களில் நாளொன்றுக்கு 500 பேர்வரை, சில நாள்களில் அதற்கும் மேல், சிலுவையேறினார்கள். அதே யோசேபஸ் தன் வாழ்க்கை வரலாற்றில் ஒரு சம்பவத்தைக் குறிப்பிடுகிறார். தெக்கோவா என்ற ஊரிலிருந்து திரும்பும் வழியில் சிலுவைகளில் பலர் தொங்குவதைக் காண்கிறார். அவர்களில் மூவர் தமக்குப் பழக்கமானவர்கள். தீத்துவிடம் போய்க் கண்ணீரோடு மன்றாடி அவர்களை இறக்கச் செய்கிறார். இருவர் மருத்துவர் கையிலேயே இறந்துபோக, ஒருவர் மட்டும் பிழைக்கிறார். இப்படி வழியோரம் தொங்குபவர் தெரிந்த முகமாக இருந்துவிடக்கூடிய ஒரு தேசத்தில், சிலுவை வலிக்கும் என்று யார் யாருக்கு விளக்கப் போகிறார்கள்?

1968இல் எருசலேமின் வடக்குப் பகுதியில் கண்டெடுக்கப்பட்ட ஒரு கல் பேழையில், யெஹோஹனன் என்பவருடைய எலும்புகள் இருந்தன. அவற்றில் ஒரு குதிகால் எலும்பில், ஏறத்தாழ பதினொன்றரை சென்டிமீட்டர் நீளமுள்ள இரும்பு ஆணி ஒன்று அப்படியே பாய்ந்திருந்தது. ஆணியின் நுனி வளைந்துபோயிருந்ததால் உடலை இறக்கியவர்களால் அதைப் பிடுங்க முடியவில்லை. எலும்போடு சேர்த்தே அடக்கம் செய்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் சிலுவையில் மாண்ட அந்த நாட்டில் இப்படிப்பட்ட தடயம் இவ்வளவு அரிதாகக் கிடைப்பதற்குக் காரணங்கள் சொல்லப்படுகின்றன. பலர் கயிற்றால் கட்டப்பட்டார்கள். ஆணிகள் திரும்ப எடுக்கப்பட்டன. பெரும்பாலானோருக்கு முறையான அடக்கமே கிடைக்கவில்லை. கடைசிக் காரணத்தில்தான் இந்தத் தண்டனையின் முழு நோக்கமும் இருக்கிறது. ஒரு மனிதனைக் கொல்ல வாள் போதும். ஊர் பார்க்க, நிர்வாணமாக, வழிப்போக்கர் ஏச, காக்கைக்கும் நாய்க்கும் விட்டு, அவன் பெயரைச் சொல்லவே உறவினர் கூசும்படி செய்வதற்குத்தான் சிலுவை. சிலுவை என்ற பெயரே ரோமக் குடிமகனின் காதிலும் கண்ணிலும் படக்கூடாது என்று ரோமப் பேச்சாளர் சிசரோ நீதிமன்றத்தில் பேசியது இதனால்தான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு மாற்குவைத் திரும்ப வாசித்தால், அவருடைய அளவுகள் புரியும். சாட்டையடிக்கு ஓர் ஓரம் மட்டும் கொடுத்த அவர், சேவகரின் பரிகாசத்துக்கு ஐந்து வசனங்களை ஒதுக்குகிறார். முள்முடியை நாம் வேதனைக் கருவியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். எத்தனை முள், எவ்வளவு நீளம் என்றுகூடப் பிரசங்கிக்கிறோம். சுவிசேஷத்தில் அது சிவப்பங்கியோடும், முழங்காலிடுதலோடும், யூதருடைய ராஜாவே வாழ்க என்ற கூச்சலோடும் சேர்ந்து வருகிறது. பேரரசனுக்குச் செய்யும் மரியாதை அத்தனையையும் ஒரு கைதிக்குச் செய்து சிரிக்கிறது ஒரு படைப்பிரிவு. உள்ளூர் ராஜா என்று எவன் தலைதூக்கினாலும் ரோம் அவனை என்ன செய்யும் என்பதற்கான நாடகம் அது. தலைக்கு மேல் மாட்டிய பலகையிலும் அதே வாசகம்தான் இருக்கிறது.

அந்த நாடகத்தை நடத்திய ஆட்சியைப் பற்றி நம் பிரசங்கங்களில் எவ்வளவு பேசுகிறோம்? பிலாத்து கையைக் கழுவினான் என்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். மனைவியின் கனவால் கலங்கிய, ஏறக்குறைய நல்லவனான ஓர் அதிகாரியாக அவன் மனத்தில் தங்கிவிடுகிறான். கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்ட இந்த மனிதனைப் பற்றி வரலாறு விட்டுச்சென்ற சித்திரம் வேறு. ஆலயக் கருவூலப் பணத்தை எடுத்து நீர்க்கால்வாய் கட்டினான். எதிர்த்துக் கூடிய மக்களுக்குள் சாதாரண உடையில் சேவகரைக் கலந்துவிட்டுத் தடியால் அடிக்கச் செய்தான். கலிலேயருடைய இரத்தத்தை அவர்களுடைய பலிகளோடே கலந்தவன் என்று லூக்கா 13ஆம் அதிகாரமே சொல்கிறது. கெரிசீம் மலைக்குப் போகத் திரண்ட சமாரியரைக் கொன்று குவித்ததற்காகத்தான் கடைசியில் அவன் பதவி பறிபோனது. ஒரு கலிலேயத் தச்சனின் உயிருக்காக இவன் தூக்கமிழந்திருப்பான் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

அன்றைய யூதப் பிரதான ஆசாரியனான காய்பாவின் நிலை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியது. பிரதான ஆசாரியனை நியமிப்பதும் நீக்குவதும் அன்று ரோம ஆளுநரின் கையில் இருந்தது. அதைவிட, பிரதான ஆசாரியன் பண்டிகைக்கு உடுத்தும் பரிசுத்த வஸ்திரங்களே ஆலயத்தை ஒட்டியிருந்த அந்தோனியா கோட்டையில் ரோமரின் காவலில் பூட்டப்பட்டிருந்தன என்கிறார் யோசேபஸ். பண்டிகை வரும்போது கொடுத்து, முடிந்ததும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். தன் தேவனுக்கு முன்பாக நிற்க வேண்டிய உடையை அந்நியப் படையிடம் கைநீட்டி வாங்க வேண்டியிருந்த மனிதன் அவன். ஜனம் முழுவதும் அழிவதைவிட ஒருவன் சாவது நலம் என்று யோவான் 11இல் அவன் சொல்வதை இந்தப் பின்னணியில் வைத்துப் பாருங்கள். பஸ்கா பண்டிகைக்கு எருசலேம் நிரம்பி வழிகிறது. செசரியாவில் தங்கியிருக்கும் ஆளுநர் படையோடு வந்து இறங்கியிருக்கிறான். ஆலயத்தில் ஒரு கலிலேயன் காசுக்காரரின் மேசைகளைக் கவிழ்த்திருக்கிறான். காய்பாவின் கணக்கு ஒரு நிர்வாகியின் கணக்கு. அதில் வெறி எதுவும் இல்லை என்பதுதான் அச்சத்தைத் தருகிறது. ஏனென்றால் இதே கணக்கைப் போட்டு ஒருவரைக் கைவிடும் கமிட்டிகள் எல்லா ஊரிலும் உண்டு, சபைக் கமிட்டிகள் உட்பட.

இவற்றையெல்லாம் விட்டுவிட்டுக் காயங்களை மட்டும் எண்ணுவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. இரத்தத்தைப் பார்த்துப் பொங்கும் கூட்டம் உடனே ஒரு குற்றவாளியைத் தேடும். ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாகப் பெரிய வாரம் என்றால் யூதர்கள் கதவை அடைத்துக்கொள்ள வேண்டிய வாரமாக இருந்தது. இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் இருக்கட்டும் என்ற மத்தேயு 27இன் கூக்குரலைப் பிடித்துக்கொண்டு, ஒரு கூட்டத்தின் சத்தத்தை ஓர் இனத்தின் சாபமாக்கினார்கள். அன்று வாழ்ந்த யூதர் அனைவர்மேலும் பாகுபாடின்றியோ இன்றைய யூதர்கள்மேலோ அந்தப் பழியைச் சுமத்த முடியாது என்று கத்தோலிக்கத் திருச்சபை 1965இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் அறிவித்தது. மிகவும் தாமதமான வார்த்தை; ஆனாலும் சொல்லப்பட்டது. நம் மேடைகளில் இன்றும் "யூதர்கள் கொன்றார்கள்" என்று கூசாமல் பேசுகிறார்கள். சிலுவையில் தொங்கியவரும் யூதர், தூரத்தில் நின்று பார்த்த மகதலேனா மரியாளும் சலோமேயும் யூதர், உடலைக் கேட்டு வாங்கிய அரிமத்தியா யோசேப்பும் யூதர், ஆணியடித்தவர்கள் ரோமச் சேவகர் என்ற சாதாரண விவரம்கூட அந்த உணர்ச்சி வேகத்தில் மறந்துபோகிறது.

உடல்வேதனையைத் தியானிப்பதே தவறு என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1512க்கும் 1516க்கும் இடையில் ஜெர்மானிய ஓவியர் மத்தியாஸ் குரூன்வால்டு, ஐசன்ஹைம் மடத்துக்காக வரைந்த சிலுவைக் காட்சியில் கிறிஸ்துவின் உடலெங்கும் புண்கள் தெரிகின்றன. நஞ்சேறிய தானியத்தால் தோல் வெந்து கைகால் அழுகும் நோயாளிகளைப் பராமரித்த மடம் அது. அவர்கள் அந்தப் படத்தில் தங்கள் உடலைக் கண்டார்கள். நம்மிடையே யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கத்தோலிக்கர் தவக்காலத்தில் ஒப்பாரிச் சாயலில் பாடும் வியாகுலப் பிரசங்கத்தைக் கேட்டு, பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் அழுவதிலும் இதே உறவு இருக்கிறது. ஒப்பாரி வைப்பவர் இறந்தவருக்கு உறவாக நின்று பாடுகிறார். வாட்ஸ்அப்பில் வரும் மருத்துவ அறிக்கையோ, பிரேதப் பரிசோதனை மேசைக்கு இந்தப் பக்கம் நின்று, அவ்வளவு வலியைத் தாங்கியவருக்கு நீ என்ன கொடுத்தாய் என்று வினவி, செவிமடுப்பவனைக் குற்றவுணர்ச்சியில் நிறுத்துகிறது. பெரும்பாலும் அடுத்து வருவது காணிக்கைப் பை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ஆகவே சபைப் பெரியவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மும்மணி ஆராதனை என்ற வடிவம் வேதத்தில் விதிக்கப்பட்டது இல்லை. தென் அமெரிக்காவில், பெருவின் லிமா நகரில் இயேசு சபைக் குருக்கள் தொடங்கிய பக்தி முயற்சி அது, சுற்றிச் சுற்றிச் சீர்திருத்த சபைகளான நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. எனவே அதைச் சற்று மாற்றினால் ஒன்றும் குடிமுழுகிப்போகாது. மாற்கு 14, 15 ஆகிய இரண்டு அதிகாரங்களையும், நல்ல குரல் உள்ள ஒருவர் நிறுத்தி நிதானமாக, நடுவில் விளக்கம் எதுவும் சொல்லாமல் முழுவதும் வாசிக்கட்டும். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நெருப்பருகே குளிர்காய்ந்தபடி மறுதலித்த பேதுருவும், துப்பட்டியை விட்டுவிட்டு நிர்வாணமாய் ஓடிய வாலிபனும், வழியே வந்தவனைப் பிடித்துச் சுமக்கவைத்ததால் கதைக்குள் வந்துவிட்ட சிரேனே ஊரான் சீமோனும் அதில் வந்து போவார்கள். மீதி இரண்டரை மணி நேரமும் போதகருக்கே. அதில் ஒரு பத்து நிமிடமாவது காய்பாவுக்கு ஒதுக்கினால் நன்றாக இருக்கும்.