குழந்தையின் விரல்மேல் பழி போடாதீர்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மகளைத் திட்டிவிட்டேன். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டுப்பாடம் முடிந்தால் ஒரு மணி நேரம் கேம் விளையாடலாம் என்பது எங்கள் வீட்டு ஏற்பாடு. திரையில் அவளுடைய வீரன் மலை விளிம்பில் நின்றுகொண்டிருந்தான். மெல்ல இடப்பக்கம் நகர ஆரம்பித்தான், விளிம்பைத் தாண்டினான், விழுந்தான். மறுபடி ஆரம்பித்தாள். மறுபடியும் அதே இடத்தில் விழுந்தான். "அப்பா, நான் தொடவே இல்லை" என்றாள். நான் நம்பவில்லை. கண்டபடி அழுத்தித் திருகினால் எந்தப் பொருள்தான் தாங்கும் என்று சத்தம் போட்டேன். அவள் கன்ட்ரோலரை டீப்பாய்மேல் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். யார் கையும் படாமல் அது கிடந்தது. திரையில் வீரன் நடந்துகொண்டே இருந்தான்.

கேம் விளையாடுபவர்களுக்கு இது பழக்கமான நோய்தான். 'ஸ்டிக் ட்ரிஃப்ட்' என்பார்கள். கட்டைவிரலால் அசைக்கும் அந்தச் சிறிய குமிழ் நடுவில் சும்மா நின்றாலும், யாரோ அதை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்திருப்பதாக, விளையாட்டை ஓட்டும் பெட்டியான கன்சோல் நினைத்துக்கொள்ளும்.

சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப்போனேன். ஓராண்டு வாரண்டி முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கவுன்டரில் இருந்தவர் கன்ட்ரோலரைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களா என்று கேட்டார். இருக்கிறாள் என்றேன். அப்படியானால் இப்படித்தான் ஆகும், இது உபயோகத்தில் வருகிற தேய்மானம், நாங்கள் கன்ட்ரோலரைப் பிரித்துச் சரிசெய்வதில்லை, புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். புதியது கிட்டத்தட்ட 6,000 ரூபாய். நான் என் மகளிடம் சொன்ன அதே குற்றச்சாட்டை இன்னொருவர் வாயால் கேட்டபோதுதான் எனக்கு உறுத்தியது.

அடுத்த சனிக்கிழமை அவளையும் அழைத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். சென்னையில் மின்னணுச் சாமான் என்றால் அண்ணா சாலையை ஒட்டிய அந்தத் தெருதான். மாடிப்படிக்குக் கீழே, இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்கவேண்டிய அளவில் ஒரு கடை. கடைக்காரத் தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். என்ன கோளாறு என்று நான் சொல்லி முடிப்பதற்குள் திருகாணிகளைக் கழற்றிவிட்டார். மேல் ஓட்டை நெம்பி எடுத்து, ரிப்பன் கேபிளைப் பிரித்து, போர்டை வெளியே எடுத்தார். ஒரு ஸ்டிக், அதாவது அந்தக் குமிழும் அதன் அடிப்பாகமும், போர்டோடு பதினான்கு இடங்களில் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் இடமாகச் சூடுகாட்டி, உருகிய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, ஸ்டிக்கைத் தனியாகக் கழற்றி என் மகள் உள்ளங்கையில் வைத்தார். பிறகு அதன் பக்கவாட்டில் இருந்த பச்சை நிற மூடியை ஊசிமுனையால் திறந்தார்.

உள்ளே பிறை வடிவத்தில் ஒரு கருப்புத் தடம். அதன்மேல் உராய்ந்து ஓடுவதற்கு, கொசுவின் கால் அளவில் இரட்டைப் பல் கொண்ட ஒரு தகடு. தடத்தின் நடுவில் மட்டும் கருப்பு போய்ப் பளபளவென்று ஒரு கோடு. தம்பி அதை டிஷ்யூவால் ஒற்றி எடுத்தார். கண் மை மாதிரிக் கரி ஒட்டியிருந்தது. "பாப்பா கை ஒன்றும் செய்யவில்லை சார். யார் விளையாடினாலும் இது இப்படித்தான் தேயும்" என்றார். நான் என் மகளைப் பார்த்தேன். அவள் அந்தக் கரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பாகத்தின் பெயர் பொட்டென்ஷியோமீட்டர். பெயர்தான் பெரிது, நமக்கு ரொம்ப நாள் பழக்கமான சாமான்தான். பழைய ரேடியோவிலும் டேப் ரெக்கார்டரிலும் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குப் பின்னால் இருந்தது இதுதான். சில வருடம் கழிந்தால் அந்தக் குமிழைத் திருப்பும்போது கரகரவென்று இரையும், நினைவிருக்கிறதா? அதே கரித்தடம், அதே தேய்மானம். ஆனால் ரேடியோக் குமிழை ஒரு நாளைக்கு நான்கு தடவை திருப்பியிருப்போம். கன்ட்ரோலரில் கட்டைவிரல் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை அசைகிறது என்று உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள்.

எண்ணியும் பார்த்திருக்கிறார்கள். பொருள்களைப் பிரித்து ஆராயும் ஐஃபிக்ஸிட் நிறுவனத்தார் 2021-ல் சோனியின் பிளேஸ்டேஷன் 5 கன்சோலின் கன்ட்ரோலரைத் திறந்தார்கள். உள்ளே இருந்தது ஜப்பானின் ஆல்ப்ஸ் நிறுவனம் செய்த ஸ்டிக். அந்தப் பொட்டென்ஷியோமீட்டரின் ஆயுள் 20 லட்சம் சுழற்சிகள் என்று தயாரிப்பாளரின் விவரக்குறிப்பே சொல்கிறது. வேகமான ஒரு துப்பாக்கிச் சண்டை விளையாட்டை வைத்துக் கணக்குப் போட்டபோது 417 மணி நேரத்தில் அந்த எல்லையைத் தொட்டுவிடலாம் என்று வந்தது. தினமும் இரண்டு மணி நேரம் என்றால் ஏழு மாதம். 417 மணி நேரம் ஆனவுடன் எல்லாக் கன்ட்ரோலரும் செத்துவிடும் என்று நான் சொல்லவில்லை, பல வருடம் நன்றாக ஓடுபவையும் உண்டு. என் கேள்வி வேறு. ஒரு பாகம் தோராயமாக எவ்வளவு நாளைக்கு வரும் என்று தயாரிக்கிறவருக்குத் தெரியும். அதை வாங்கிப் போர்டில் பற்றவைக்கிற கன்சோல் கம்பெனிக்கும் தெரியும். தெரிந்திருந்தும், அது தேய்ந்து நிற்கும்போது பழி ஏன் விளையாடியவன் விரல்மேல் விழுகிறது?

வேறு வழி இல்லாமலா இதைச் செய்கிறார்கள் என்றால், அதுவும் இல்லை. எட்வின் ஹால் என்ற இயற்பியலாளர் 1879-ல் அமெரிக்காவில் ஒன்றைக் கண்டுபிடித்தார். மின்சாரம் ஓடும் உலோகத் தகட்டைக் காந்தப் புலத்தில் வைத்தால் அதன் குறுக்கே ஒரு மின்னழுத்தம் உண்டாகிறது. இதை வைத்து, குமிழின் அடியில் ஒரு காந்தம், அதற்கு எதிரே ஓர் உணரி என்று அமைத்துவிட்டால் போதும். ஒன்றை ஒன்று தொடாமலே குமிழ் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்தது என்று தெரிந்துவிடும். உராய்கிற கரித்தடமே அங்கே கிடையாது. சேகா நிறுவனம் 1998-ல் ஜப்பானில் வெளியிட்ட ட்ரீம்காஸ்ட் கன்சோலின் கன்ட்ரோலரில் இந்த முறைதான் இருந்தது. பல இடங்களில் அவை இன்றும் வேலை செய்கின்றன. சேகா 2001-ல் கன்சோல் தொழிலை விட்டே போய்விட்டது. அந்த நல்ல யோசனையையும் பெரிய கம்பெனிகள் அதோடு சேர்த்துப் பரணில் போட்டுவிட்டன. இருபது வருடம் கழித்து அதை எடுத்துத் தூசி தட்டியவர்கள் குலிகிட், 8பிட்டோ போன்ற சீன நிறுவனங்கள். பெரிய கம்பெனிகளின் கன்ட்ரோலரைவிடக் குறைந்த விலையிலேயே ஹால் ஸ்டிக் வைத்த கன்ட்ரோலர்கள் இன்று கிடைக்கின்றன. ஆகவே விலை கட்டுப்படியாகாது என்ற பேச்சை நான் ஏற்க மாட்டேன்.

நிண்டெண்டோ நிறுவனத்தின் கதையைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. 2017 மார்ச்சில் வந்த ஸ்விட்ச் கன்சோல் 15 கோடிக்கும் மேல் விற்றது. எனக்கும் மிகவும் பிடித்த கன்சோல் அது. பஸ் பயணத்திலும் கையில் வைத்து விளையாடலாம், வீட்டில் டிவியிலும் இணைக்கலாம் என்பதை அவ்வளவு அழகாகச் சாதித்தார்கள். ஆனால் அதன் ஜாய்கான் கன்ட்ரோலர்கள் ட்ரிஃப்டுக்கு மறுபெயராகவே ஆகிவிட்டன. 2019-ல் அமெரிக்காவில் வாங்கியவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2020-ல் நிறுவனத்தின் தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா மன்னிப்புக் கேட்டார், வழக்கு நடப்பதால் மேற்கொண்டு பேச முடியாது என்றார். ஐரோப்பிய நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பு 25,000-க்கு அருகில் புகார்களைத் திரட்டி 2021 ஜனவரியில் முறையிட்டது. அந்தப் புகார்களில் 88 சதவீதத்தில் இரண்டு வருடத்துக்குள்ளேயே கன்ட்ரோலர் கெட்டிருந்தது. 2023-ல்தான் ஐரோப்பாவில் வாரண்டி முடிந்தாலும் ட்ரிஃப்டை இலவசமாகச் சரிசெய்து தருவதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆறு வருடம்! இத்தனைக்கும் பிறகு 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-ஐ ஐஃபிக்ஸிட்டார் பிரித்துப் பார்த்தால், உள்ளே மறுபடியும் பொட்டென்ஷியோமீட்டர். அந்தப் படத்தைப் பார்த்த இரவு எனக்கு உண்மையிலேயே மனம் கசந்துபோனது.

கம்பெனி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடவும் எனக்கு மனமில்லை. எக்ஸ்பாக்ஸ் 360-இல் சிவப்பு வளையம் எரிந்து கன்சோலே செத்துப்போகும் கோளாறு பரவியபோது, மைக்ரோசாஃப்ட் 2007-ல் வாரண்டியை மூன்று வருடமாக நீட்டியது, அதற்காக 100 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கியது. தாமதமாகத்தான் செய்தார்கள். ஆனாலும் பிழை எங்கள் பக்கம் என்று கணக்கிலேயே எழுதினார்கள்.

ஹால் ஸ்டிக்கில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அதற்குள்ளும் சுருள்வில் தளரும், நெகிழிக் கிண்ணம் தேயும். 1996-ல் வந்த நிண்டெண்டோ 64-இன் ஸ்டிக்கில் கரித்தடமே கிடையாது, ஒளியை வைத்து அசைவை அளந்தது. அதிலும் நெகிழி உராய்ந்து வெள்ளைப் பொடி கொட்டி, குமிழ் தொளதொளவென்று ஆனது. தேயாத பொருள் எதுவும் இல்லை.

தேய்வது எனக்குப் பிரச்சினையும் இல்லை. நம் வீட்டு மிக்ஸியை எடுத்துக்கொள்ளுங்கள். இட்லிக்கு மாவு, சட்னி, மிளகாய்ப்பொடி என்று அரைத்து அரைத்து ஜாருக்கு அடியில் இருக்கும் கப்ளர் பல் பல்லாகத் தேய்ந்துவிடும். யாராவது மிக்ஸியைத் தூக்கிப் போடுகிறோமா? தெருமுனைக் கடைக்கு ஜாரை எடுத்துப்போனால் கப்ளரைத் திருகி எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டுக் கொடுப்பார். பெரிய செலவில்லை. குக்கர் கேஸ்கட்டும் அப்படித்தான். தேய்கிற பாகம் எது என்று செய்தவனுக்குத் தெரியும், அதனால் அதைத் தனியாகக் கழற்றும்படி செய்தான், தனியாகவும் விற்றான். என் அம்மா ஒரே மிக்ஸியை இருபத்திரண்டு வருடம் வைத்திருந்தார். நான் கன்ட்ரோலரில் கேட்பதும் அந்தக் கப்ளர் மரியாதையைத்தான். பதினான்கு இடத்தில் பற்றவைத்து மூடிவிட்டு, தேய்ந்தால் முழுசாகத் தூக்கிப் போடு என்பது மரியாதை இல்லை.

செய்ய முடியாததையும் கேட்கவில்லை. 2023-ல் சோனி வெளியிட்ட டூயல்சென்ஸ் எட்ஜ் கன்ட்ரோலரில் ஸ்டிக்கைத் தனியாகக் கழற்றி மாற்றலாம். ஆனால் அது 200 டாலர் கன்ட்ரோலர். கழற்றி மாட்டும் வசதி பணக்காரர் வாங்குகிற சாமானுக்கு மட்டும்தானா? வால்வ் நிறுவனம் ஸ்டீம் டெக் என்ற தன் கையடக்கக் கன்சோலின் ஸ்டிக் உள்ளிட்ட பாகங்களை ஐஃபிக்ஸிட் வழியாக எல்லோருக்கும் விற்கிறது. அவர்களால் முடிகிறது.

சட்டம் காப்பாற்றும் என்று நினைத்தால் அங்கேயும் ஓர் ஓட்டை. கலிஃபோர்னியாவிலும் மினசோட்டாவிலும் 2023-ல் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டங்கள் நிறைவேறின. பொருளைச் செய்தவர் உதிரிப் பாகங்களையும் கருவிகளையும் கையேடுகளையும் வெளியே கொடுக்கவேண்டும் என்பது அவற்றின் சாரம். இரண்டிலும் வீடியோ கேம் கன்சோல்களுக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். நம் மத்திய அரசு 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. நல்ல தொடக்கம். ஆனால் ஸ்டிக்கை விற்றே ஆகவேண்டும் என்று கம்பெனியைக் கட்டாயப்படுத்த இணையதளம் போதாது, சட்டம் வேண்டும்.

இன்னொன்று என்னை அதிகமாக வருத்துகிறது. ட்ரிஃப்ட் பற்றி யாராவது இணையத்தில் எழுதினால் போதும், கீழே வந்து நிற்பவர்களில் பாதிப்பேர் கம்பெனிக்காக வக்காலத்து வாங்குகிறார்கள். 'என்னுடையது ஐந்து வருடமாக நன்றாக இருக்கிறது, உனக்குப் பொருளை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.' இன்னொரு கம்பெனியின் ரசிகர் வந்து 'எங்கள் கன்சோல் வாங்கியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை' என்பார். அவர் கன்ட்ரோலருக்குள் இருப்பதும் அதே கரித்தடம்தான் என்பது அவருக்குத் தெரியாது. தம்பிகளே, நாம் காசு கொடுத்து வாங்கியவர்கள். அந்தக் கம்பெனிகளில் நமக்குப் பங்கு இல்லை. ஒருவர் தன் பொருள் கெட்டுவிட்டது என்று சொன்னால், முதலில் நம்புங்கள். நான் என் மகளை நம்பாமல் கத்தியது எவ்வளவு தப்போ, முகம் தெரியாத ஒருவரைப் பார்த்து 'நீதான் உடைத்திருப்பாய்' என்பதும் அதே தப்பு.

'டெட்ஸோனைக் கூட்டிக்கொள், சரியாகிவிடும்' என்பார்கள். குமிழின் சின்ன அசைவுகளைக் கண்டுகொள்ளாதே என்று விளையாட்டுக்குச் சொல்லும் அமைப்பு அது. சில வாரம் சமாளிக்கலாம். ஆனால் நுணுக்கமாகக் குறிபார்ப்பது அந்தச் சின்ன அசைவில்தான் இருக்கிறது. கரி மேலும் தேய, டெட்ஸோனை மேலும் கூட்ட, கடைசியில் பாதிக் குமிழ் செத்துக் கிடக்கும்.

ரிச்சி தெருத் தம்பி இரண்டு வகை ஸ்டிக்கையும் மேசைமேல் வைத்தார். பழைய வகை போட்டால் 700 ரூபாய். ஹால் வகை என்றால் 1,100, கணினியோடு இணைத்து நடுப்புள்ளியை அமைக்கவேண்டும், அரை மணி நேரம் கூடுதலாக ஆகும் என்றார். ஹால் வகையையே போடச் சொன்னேன். அவர் வேலை செய்கிற வரைக்கும் எதிர்க் கடையில் சாத்துக்குடிச் சாறு குடித்தோம். அங்கே வைத்துத்தான் அவளிடம் சொன்னேன், அன்றைக்கு நான் கத்தியது தப்பு, நீ சொன்னதுதான் சரி என்று. "எனக்குத் தெரியும் அப்பா" என்றாள்.

தம்பி மடிக்கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். வட்டத்துக்குள் ஒரு புள்ளி. குமிழைச் சுற்றிவிட்டு விட்டால் புள்ளி நடுவில் வந்து அசையாமல் நின்றது. என் மகள் ஏழெட்டு முறை சுற்றிச் சுற்றி விட்டுப் பார்த்தாள். கிளம்பும்போது அந்தப் பழைய ஸ்டிக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். இப்போது அது அவளுடைய ஜியாமெட்ரி பாக்ஸில், காம்பஸுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. வீட்டுக்கு வருகிற தோழிகளுக்கெல்லாம் மூடியைத் திறந்து அந்தக் கோட்டைக் காட்டுகிறாள்.