பத்து லட்சத்துக்குள் ஒரு செடான்: முகப்பு வேறு, உடற்கூடு வேறு

பத்து லட்சம் ரூபாய்க்குள் கிடைக்கும் செடான் கார்களின், அதாவது பின்னால் தனி டிக்கி நீட்டிக்கொண்டிருக்கும் கார்களின், தோற்றம் கடந்த பதினைந்து ஆண்டுகளில் வெகுவாக மாறிவிட்டது என்பதை மறுப்பதற்கில்லை. எல்இடி முகப்பு விளக்கு, அகன்ற கிரில், இரட்டை வண்ண அலாய் சக்கரம், டாஷ்போர்டின் நடுவில் பெரிய தொடுதிரை என்று ஒரு காலத்தில் விலை உயர்ந்த கார்களுக்கு மட்டுமே உரியவையாக இருந்தவை இன்று இந்த விலைக்கே வந்துவிட்டன. அழகாக இருந்தால் தரமாகவும் இருக்கும் என்று நம்புகிறவர்கள் ஒரு பக்கம் இருக்க, இந்த விலைக்கு இவ்வளவு பளபளப்பு என்றால் உள்ளே ஒன்றும் இருக்காது என்று அடித்துச் சொல்கிறவர்கள் மறுபக்கம் இருக்கிறார்கள். இரு தரப்பும் தவறு என்பதே என் கருத்து. இந்த வகைக் கார்களில் தோற்றத்தை ஒருவர் தீர்மானிக்கிறார், தரத்தை வேறொருவர் தீர்மானிக்கிறார். ஒன்றைப் பார்த்து மற்றொன்றை ஊகிக்க வழியே இல்லை.

தோற்றத்தைத் தீர்மானித்தது பெரும்பாலும் வரிச் சட்டம்தான். 2006ஆம் ஆண்டு மத்திய வரவு செலவுத் திட்டத்தில், நான்கு மீட்டருக்கு உட்பட்ட நீளமும், பெட்ரோல் என்றால் 1200 சிசி, டீசல் என்றால் 1500 சிசி என்ற வரம்புக்குள் எஞ்சினும் உள்ள கார்களுக்கு உற்பத்தி வரி 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 2008இல் டாடா இண்டிகோ சிஎஸ் அந்த அளவுக்குள் அடங்கும் முதல் செடானாக வந்தது. அதே ஆண்டில் 4160 மில்லிமீட்டர் நீளத்தோடு அறிமுகமான மாருதி டிசையர், 2012இல் 3995 மில்லிமீட்டராகச் சுருங்கியபோது அதன் டிக்கியின் கொள்ளளவு 440 லிட்டரிலிருந்து 316 லிட்டராக இறங்கியது. பின்பக்கம் வெட்டி ஒட்டியதுபோல் நின்ற அந்தக் காரை அழகு என்று சொல்ல எனக்கு இன்றும் மனம் வருவதில்லை. ஆனால் விற்பனைக்கு அது தடையாக இருக்கவே இல்லை. 2017இல் வந்த டாடா டிகோரும் அதே ஆண்டின் புதிய டிசையரும் கூரையின் சரிவை டிக்கியோடு இயல்பாக இணைத்துக் காட்டின. அதற்குப் பிறகுதான் நான்கு மீட்டருக்குள்ளும் கண்ணுக்கு உறுத்தாத செடானை வரையலாம் என்பது உறுதியானது.

தரம் என்பது இந்தக் கோடுகளுக்கு அடியில் இருக்கிறது. ஷோரூமில் பலரும் கதவைச் சாத்தி ஓசையைக் கேட்கிறார்கள், விரலால் தகட்டை அழுத்திப் பார்க்கிறார்கள், பிறகு “தகரம்” என்றோ “கனமான வண்டி” என்றோ தீர்ப்பு எழுதுகிறார்கள். வெளித்தகடு பெரும்பாலான கார்களில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன்தான். மோதலைத் தாங்குவது அதன் வேலையும் அன்று. கதவுத் தூண்கள், தரைச் சட்டம், முன்புறச் சட்டங்கள் ஆகியவற்றில் எந்த வகை எஃகு எங்கே பயன்பட்டிருக்கிறது, அவை எப்படி வெல்டிங் செய்யப்பட்டிருக்கின்றன என்பதில்தான் உயிர் காக்கும் வலிமை இருக்கிறது. கதவின் கனத்த ஓசையைக்கூட உள்ளே ஒட்டும் தாளும் ரப்பர் விளிம்பும் சேர்ந்து உண்டாக்கிவிட முடியும். எனவே கையால் தட்டிப் பார்க்கும் சோதனை, ஏறக்குறைய அழகைப் பார்க்கும் சோதனையைப் போலவே பயனற்றது.

மோதல் சோதனை முடிவுகளாவது உண்மையைச் சொல்லுமா என்றால், சொல்லும், ஆனால் ஆண்டைச் சேர்த்துப் படிக்க வேண்டும். இந்தியாவில் தயாரான ஹோண்டா அமேஸ் 2019இல், கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பை மதிப்பிடும் குளோபல் என்கேப் அமைப்பின் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் வாங்கியது. அதே தலைமுறைக் கார் 2024இல் மீண்டும் சோதிக்கப்பட்டபோது பெரியவர்களுக்கு இரண்டு, குழந்தைகளுக்குப் பூஜ்யம் என்று இறங்கியது. இடையில் 2022இல் சோதனை விதிகள் கடுமையாக்கப்பட்டிருந்தன. விளம்பரத்தில் நட்சத்திரத்தை மட்டும் பெரிதாக அச்சிட்டு, ஆண்டைச் சிறிய எழுத்தில் போடுவதன் காரணம் இதுதான்.

மாறாக, 2018இல் டிசையரின் உடன்பிறப்பான மாருதி ஸ்விஃப்ட் இரண்டு நட்சத்திரம் பெற்றபோது, இந்த விலைக்கு இவ்வளவுதான் முடியும் என்று வாதிட்டவர்கள் பலர். 2024 நவம்பரில் புதிய டிசையர், கடுமையாக்கப்பட்ட விதிகளின்கீழ் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரமும் குழந்தைகள் பாதுகாப்புக்கு நான்கும் பெற்றது. அப்போது அதன் தொடக்க விலை 6.79 லட்சம் ரூபாய். அந்த அடிப்படை வகையிலேயே ஆறு ஏர்பேக்குகள் இருந்தன. ஆகவே விலை குறைவு என்பது தரக் குறைவுக்குச் சாக்காக இனி செல்லுபடியாகாது.

அழகில்லாத தரத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் டொயோட்டா எட்டியோஸ் போதும். 2010 இறுதியில் வந்த அந்தக் காரின் முகத்தில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. வேகமானியை டாஷ்போர்டின் நடுவில் வைத்திருந்தார்கள், உள்ளலங்காரம் மலிவாகத் தெரிந்தது. ஆனால் ஏறக்குறைய 600 லிட்டர் டிக்கி, பின்னிருக்கையில் தாராளமான கால் இடம், 2016 சோதனையில் நான்கு நட்சத்திரம் என்று உள்ளடக்கம் நேர்மையாக இருந்தது. சொந்த உபயோகத்துக்கு வாங்குகிறவர்கள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாடகைக் கார் ஓட்டுநர்கள் கொண்டாடினார்கள். 2020இல் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. உற்பத்தியாளர்கள் பணத்தை முகப்பு விளக்கில் கொட்டுகிறார்கள் என்று குறை சொல்லும் நாம்தான் அந்தக் காரைச் சந்தையை விட்டு அனுப்பி வைத்தோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நட்சத்திரம் சொல்லாத தரமும் உண்டு. இருக்கையின் பஞ்சு எப்போது அமுங்கும், சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்கள் எத்தனை மழைக்காலம் தாங்கும், வெயிலில் நிற்கும் டாஷ்போர்டு எப்போது கிறீச்சிடத் தொடங்கும் என்பதை எந்த ஆய்வகமும் நமக்கு எழுதித் தருவதில்லை. அதற்கு நான் நம்புவது, வாங்க நினைக்கும் அதே மாடலில் மூன்று நான்கு ஆண்டுகள் ஓடிய ஒரு டாக்சியில் பின்னிருக்கையில் அமர்ந்து பயணம் செய்வதை. ஓட்டுநரிடம் கிளட்ச் எப்போது மாற்றினீர்கள், ஏசி எப்படி என்று கேட்டால் அவர் தயங்காமல் சொல்வார். விற்பனைப் பிரதிநிதியிடம் கிடைக்காத பதில் அது. சிஎன்ஜி வகை வாங்குகிறவர்கள் டிக்கியைக் கட்டாயம் திறந்து பார்க்க வேண்டும். சிலிண்டர் போக மிஞ்சும் இடம் பல கார்களில் இரண்டு பைகளுக்கே சரியாக இருக்கும்.

இன்னொன்று. பொதுவாக ஒரு மாடலின் கீழ் வகைக்கும் உயர் வகைக்கும் உடற்கூடு ஒன்றேதான். கூடுதல் பணம் பெரும்பாலும் சக்கரம், திரை, விளக்கு, இருக்கை உறை ஆகியவற்றுக்கே போகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த அளவுக் கார்களுக்கு ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்த பிறகு, மிச்சமான தொகையில் ஒரு படி மேலே உள்ள வகையை எடுக்கலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சமீபத்திய விதிகளின்கீழ் நல்ல மதிப்பெண் பெற்ற மாடலாக இருந்தால், நடு வகையை எடுத்துவிட்டு அந்தத் தொகையில் நல்ல டயரும் குழந்தை இருக்கையும் வாங்குங்கள் என்பேன். அந்த மதிப்பெண் இல்லாத மாடலாக இருந்தால், உயர் வகையின் சன்ரூஃபைக் காட்டி எவ்வளவு பேசினாலும் வேறு காரைப் பாருங்கள்.