பின்பக்கம் பார்க்காமல் விலை சொல்லாதீர்கள்

அந்தக் காப்பிப்பொடிக் கடைக் கண்ணாடி போர்டு வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு நான் இணைப்புத் தரப்போவதில்லை, அந்த அம்மா பட்ட அவமானத்தை இன்னும் நாலு பேர் பார்க்க வேண்டாம். விலை கேட்பதற்காக, மாமனார் காலத்து போர்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எதிரே நிற்பவர் பழம்பொருள் மதிப்புச் சொல்பவர், ஆயிரக்கணக்கில் பின்தொடர்பவர்கள் உள்ளவர். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, தீர்ப்புச் சொல்லிவிட்டார். "இது பிரிண்ட்மா. மூலை வேற உடஞ்சிருக்கு. ஐநூறு ரூபா தாண்டாது."

அவர் போர்டைத் திருப்பவே இல்லை.

இதைப் பற்றி நான் முன்பு எழுதியதற்கு வந்த கமென்ட்டுகளுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. எனக்கு வந்த கோபமெல்லாம் இந்த ஒரு விஷயத்தில்தான். விலை குறைத்துச் சொன்னார் என்பதில்கூட இல்லை. கண்ணாடி போர்டுக்கு உயிர் பின்பக்கத்தில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் ஐநூறு என்றாலும் தப்பு, ஐந்து லட்சம் என்றாலும் தப்பு.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தகர போர்டில் முன்னால் எழுதுவார்கள். கண்ணாடியில் அப்படியில்லை, பின்னால் எழுதி முன்னால் பார்ப்பது. எழுத்து முழுக்க இடவலம் மாறி, முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி, வலமிருந்து இடம் போகும். அதைவிடப் பெரிய சங்கதி, வேலையின் வரிசையே மாறிவிடும். சுவரில் ஒரு பெண் முகம் வரைகிறவர் கண்ணில் மினுங்கும் வெள்ளைப் புள்ளியைக் கடைசியில் வைப்பார். கண்ணாடியில் அந்தப் புள்ளியைத்தான் முதலில் வைக்க வேண்டும். அப்புறம் கருவிழி, அப்புறம் கண், அப்புறம் முகத்தின் நிறம், எல்லாவற்றுக்கும் பின்னால் கடைசியாக முழு போர்டுக்கும் பேக்ரவுண்ட். நடுவில் ஒரு கோடு பிசகினால் மேலே பூசி மறைக்க வழியில்லை, ஏனென்றால் மேலே என்பதே அங்கே அடியில் இருக்கிறது. துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

என் அப்பா மதுரையில் போர்டு ஆர்டிஸ்ட். அதனால் இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. பேப்பரில் எழுத்தைப் போட்டுத் திருப்பி வைத்து, அதன் மேல் கண்ணாடியைப் படுக்க வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவுட்லைன் இழுப்பார். 'ழ'வைத் திருப்பி எழுதுவதுதான் கஷ்டம் என்பார், கை தன்னால் பழைய பக்கம் போகப் பார்க்குமாம். அவுட்லைன் காய்ந்த பிறகு ஷேடு, ஷேடு காய்ந்த பிறகு ஃபில்லிங். ஒரு ஜவுளிக்கடை போர்டுக்குப் பத்து நாள் ஆகும். பேக்ரவுண்ட் பூசி முடித்ததும், அது காய்வதற்குள் தூரிகையின் பின்முனையால் ஓரமாகத் தேதியைக் கீறி வைப்பார். போர்டைச் சுவரில் மாட்டிய பிறகு அதை யாரும் பார்க்கப்போவதில்லை. இருந்தாலும் கீறுவார்.

சரி, பிரிண்டா கையால் எழுதியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? போர்டைத் திருப்பி, முன்பக்கமிருந்து ஒரு டார்ச் அடித்தால் போதும். கையால் பூசிய பெயின்ட் ஓரிடத்தில் கனமாக, ஓரிடத்தில் மெலிசாக, தூரிகை போன தடத்தோடு தெரியும். ஊசித்துளை மாதிரி வெளிச்சம் எட்டிப்பார்க்கும். ஸ்கிரீன் பிரிண்ட் ஒரே சீராக இருக்கும். அச்சடித்து ஒட்டிய படமாக இருந்தால் லென்ஸில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். தங்க நிறத்தையும் பின்னால்தான் பார்க்க வேண்டும். தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு, ஒட்டியிருந்தால் ஒரு ரேக்கின் மேல் இன்னொன்று ஏறிய கோடு தெரியும், எத்தனை வருஷமானாலும் கறுக்காது. வெறும் பித்தளைத் தூள் கலந்த பெயின்ட் என்றால் பழுப்பேறிப் போயிருக்கும். நான் சொன்ன இதில் எதற்கும் மிஷின் வேண்டாம், பொறுமை இருந்தால் போதும்.

அந்த வீடியோவில் அந்த அம்மா போர்டை இறக்கி வைக்கும்போது மூன்று விநாடி அது சாய்கிறது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பின்னால் தூரிகைத் தடம் பளிச்சென்று தெரிகிறது. கேமராவுக்குத் தெரிந்தது, பக்கத்தில் நின்றவருக்குத் தெரியவில்லை.

முன்பக்கத்தையாவது ஒழுங்காகப் பார்த்தாரா என்றால் அதுவும் இல்லை. போர்டில் 'வீசை' என்று பழைய எடைக் கணக்கு எழுதியிருக்கிறது. கிலோ கணக்கு நம் நாட்டில் 1958-லிருந்துதான் படிப்படியாக வந்தது. விலையில் அணா இருக்கிறது. அணாவுக்குப் பதிலாக நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1. முகவரியில் பின்கோடு இல்லை, அது வந்தது 1972-ல். 'விலை' என்ற சொல்லில் 'லை' பழைய எழுத்து, ஐகாரக் குறி யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்திருக்கும். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகும் பழைய கைகள் தும்பிக்கையை விடவில்லை என்பது எனக்குத் தெரியும், என் அப்பாவே விடவில்லை. அதே மாதிரி பெரியார் 1935-லிருந்தே தம் பத்திரிகையில் புதிய எழுத்தைப் போட்டார், ஆகவே புது 'லை' இருந்தால் புது போர்டு என்றும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வீசை, அணா, தும்பிக்கை, பின்கோடு இல்லாமை, நாலும் ஒரே போர்டில் சேர்ந்து நின்றால் ஒரு நிமிடமாவது யோசிக்க வேண்டாமா?

"பழைய மாதிரி இப்போதும் எழுதலாமே, டூப்ளிகேட் செய்கிறவர்கள் அணா போட மாட்டார்களா" என்று ஒருவர் கமென்ட்டில் கேட்டார். நியாயமான கேள்வி. செய்வார்கள், செய்கிறார்கள். பழைய ஜன்னல் கண்ணாடியைத் தேடி எடுத்து அதில் புதிதாக எழுதுகிறவர்களும் உண்டு. பழைய கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தால் டியூப்லைட் பிம்பம் நெளியும். உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்யும் இப்போதைய ஃப்ளோட் கண்ணாடியில் நெளியாது, அந்த முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் கம்பெனி அறிவித்ததே 1959-ல்தான், இங்கே தயாராக ஆரம்பித்தது 1990-களில். ஆனால் கண்ணாடி பழசு என்பதால் எழுத்தும் பழசு ஆகிவிடாது. அதற்கும் பின்பக்கம்தான் பார்க்க வேண்டும். அறுபது வருஷத்துப் பெயின்ட் சுருங்கும், விரியும், செதில் செதிலாக எழும், பின்பலகைக்கும் அதற்கும் நடுவில் தூசி அடையடையாக இருக்கும். எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் பின்பக்கத்தில் இருக்கிறது. அதனால்தான் திரும்பத் திரும்ப இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"அவர் பதினைந்து வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறார்" என்று நாலைந்து பேர் சண்டைக்கு வந்தீர்கள். இருக்கட்டும். பதினைந்து வருஷம் இருந்தவருக்குத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை என்பது என் வாதத்துக்குத்தான் பலம்.

"வெளிநாட்டில் இந்த மாதிரி போர்டு ஆயிரம் டாலர் போகுது, நீயும் பேராசை காட்டுகிறாய்" என்று ஒருவர். நான் எங்கேயும் ஆயிரம் டாலர் என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் பழைய பீர் கம்பெனி கண்ணாடி போர்டுகளுக்கும், இங்கிலாந்தில் பப் கண்ணாடிகளுக்கும் சேகரிப்பவர்கள் தனிக் கூட்டமாக இருக்கிறார்கள், அதனால் அங்கே விலை போகிறது. அதை இந்திய ரூபாய்க்கு மாற்றி நம் காப்பிப்பொடி போர்டின் தலையில் கட்டுவதும் தப்புதான். அதோடு, ஒருவர் விற்பனைக்குப் போட்டிருக்கும் விலை வேறு, கடைசியில் அது கைமாறிய விலை வேறு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், 1972-ஆம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி இந்த மாதிரிப் பொருள் நூறு வருஷம் ஆனால்தான் தொல்பொருள். அந்தக் கணக்கில் இந்த போர்டு ஆன்டிக்கே இல்லை. இதை நானே ஒப்புக்கொள்கிறேன். அதற்காக ஐநூறு ரூபாய்க்கு எடைக்குப் போடலாம் என்று ஆகிவிடுமா?

"அப்பா பெயின்டர், அதனால் சென்டிமென்ட் பேசுகிறாய்" என்று எழுதியவருக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆமாம், எனக்கு வலிக்கிறது. எனக்குப் பதினான்கு வயதிருக்கும்போது, ஒரு கடையை இடித்துக் கட்டியபோது அப்பா எழுதிய போர்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். போகிக்கு முதல் நாள் வீடு சுத்தம் பண்ணும்போது, அப்பாவுக்குச் சந்தோஷமாக இருக்குமே என்று, பின்பக்கம் படிந்திருந்த தூசியை ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தேன். துணியோடு நீலம் வந்தது. அப்புறம் ஒரு 'ப' முழுசாக உரிந்து என் விரலில் ஒட்டிக்கொண்டது. கண்ணாடி பெயின்ட்டை உறிஞ்சாது, வெறுமனே பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அது அன்றைக்கு எனக்குத் தெரியாது. அப்பா திட்டவில்லை. கீழே விழுந்த செதில்களை ஒரு தீப்பெட்டியில் பொறுக்கிப் போட்டார். "முன்னாடி எவ்வளவு வேணாலும் துடை, பின்னாடி கை வைக்காதே" என்றார். இப்போதும் யார் வீட்டிலாவது இப்படி போர்டு இருந்தால் தயவுசெய்து பின்னால் ஈரத் துணி, கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே, செல்லோ டேப் எதுவும் வேண்டாம். உரிந்த இடத்தில் புதுப் பெயின்ட் தொட்டு வைக்கவும் வேண்டாம், விலை அப்போதே இறங்கிவிடும்.

அப்பா போன பிறகு நான் வெளியூரில் வேலையில் இருந்தபோது ஒரு வியாபாரி வீட்டுக்கு வந்திருக்கிறார். மீதமிருந்த இரண்டு போர்டையும் அம்மாவிடம் முந்நூறு ரூபாய் கொடுத்து எடுத்துப் போய்விட்டார். "கண்ணாடிக்குத்தாம்மா காசு, எழுத்துக்கு ஏது காசு" என்றாராம். அம்மா அதை என்னிடம் போனில் சொல்லும்போது சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பத்து நாள் மூச்சைப் பிடித்து எழுதியவரின் வீட்டில் நின்றுகொண்டு, அவர் மனைவியிடமே எழுத்துக்குக் காசு இல்லை என்று சொல்ல ஒருவருக்கு மனசு வந்ததே. அந்த வீடியோவில் "ஐநூறு தாண்டாது" என்ற குரலைக் கேட்டபோது எனக்கு இந்தக் குரல்தான் கேட்டது. இதைச் சென்டிமென்ட் என்றால் சரி, அப்படியே இருக்கட்டும். ஆனால் டார்ச் அடித்தால் தெரிகிற தூரிகைத் தடம் சென்டிமென்ட் இல்லை, அது கண்ணுக்குத் தெரிகிற சாட்சி.

இந்த போர்டுகளை எழுதியவர்கள் யார் என்றே நமக்குத் தெரியாமல் போய்விட்டது. சிலர் மூலையில் சின்னதாக 'ஆர்ட்ஸ்' என்று முடியும் ஒரு பெயரை எழுதியிருப்பார்கள், பெரும்பாலானவர்கள் அதுவும் செய்ததில்லை. தியேட்டரில் இடைவேளைக்குப் போட்ட விளம்பரக் கண்ணாடி ஸ்லைடுகளை உள்ளங்கை அகலத்தில் வரைந்ததும் இதே கைகள்தான். ஃப்ளெக்ஸ் வந்ததும் எல்லோரும் வேறு வேலைக்குப் போனார்கள், அப்பாவும் கடைசி நாலு வருஷம் ஒரு குடோனில் கணக்கு எழுதினார். அவர்களுக்கு அப்போதும் எழுத்துக்கு ஒழுங்கான கூலி கிடைத்ததில்லை. இப்போது அவர்கள் வேலை மிச்சமிருக்கும் நாலு கண்ணாடிக்காவது ஒரு ஆள் இரண்டு நிமிடம் செலவழித்துத் திருப்பிப் பார்க்கக் கூடாதா?

"அப்படியானால் நீங்களே ஒரு விலை சொல்லுங்கள்" என்று இன்பாக்ஸில் பத்துப் பேர். சொல்ல மாட்டேன். நான் இன்னும் பின்பக்கத்தை நேரில் பார்க்கவில்லை.

அந்த அம்மாவோடு ஒரு நண்பர் மூலமாக நேற்று பேசினேன். போர்டை இன்னும் கொடுக்கவில்லை, எடைக்குப் போட வரச் சொல்லியிருந்தவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சமையலறைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறாராம். எழுத்துப் பக்கம் சுவரில் உரசாமல் ஒரு பழைய போர்வை போட்டு வையுங்கள், அடுப்பு ஆவி படாத இடமாக மாற்றுங்கள் என்றேன். ராத்திரி பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினார். இருட்டாக இருக்கிறது, கீழ் ஓரத்தில் ஏதோ கீறியிருக்கிறது, இரண்டு எண் மாதிரி தெரிகிறது, படிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் போகிறேன், டார்ச்சும் லென்ஸும் எடுத்துக்கொண்டு.