"இத்தனை தடவை எடுக்கலாமா, மிஸ்ஸி?"

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலில் கெட்டிச் சளி சேரும் பரம்பரை நோய்) உள்ளவர்களின் நுரையீரலைக் குறைந்த கதிர்வீச்சில் படம் எடுக்கும் முறைகள் பற்றிய கட்டுரையைப் படித்ததும் மனசு நிறைந்தது. சிங்கப்பூரில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருக்கிறேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மாக்கள் முதலில் கேட்பது, "இத்தனை தடவை எடுக்கலாமா, மிஸ்ஸி?" என்றுதான்.

நியாயமான கேள்வி. பெரியவர்களுக்கான வழக்கமான நெஞ்சு சிடி ஸ்கேனில் சுமார் 5 முதல் 7 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு. நெஞ்சு எக்ஸ்ரேயில் ஏறக்குறைய 0.1தான். இந்த நோயோ ஆயுள் முழுக்கக் கூடவே வருவது. சரி, எக்ஸ்ரேயே போதும் என்றும் விட முடியாது. மூச்சுக்குழாய் விரிவதும் சளி அடைப்பதும் ஆரம்பத்தில் அதில் சரியாகத் தெரியாது. ஊதிப் பார்க்கும் பரிசோதனை நார்மலாக வரும்போதே சிடியில் பாதிப்பு தெரிவதுண்டு. எக்ஸ்ரேக்கு நெருங்கிய அளவிலேயே சிடி எடுக்க முடிவது அதனால்தான் பெரிய விஷயம். டோஸைக் குறைத்தால் படம் புள்ளி புள்ளியாகக் கலங்கும். அதைத் தெளிவாக்கும் கணினி முறைகள் இப்போது வந்துவிட்டன.

எம்ஆர்ஐயில் இந்தக் கதிர்வீச்சே இல்லை. ஆனால் நுரையீரலில் பெரும்பகுதி காற்று, படத்தை உருவாக்கும் சிக்னல் சட்டென்று மறைந்துவிடும். அதை மிக வேகமாகப் பிடிக்கும் முறைகள் உள்ளன. சின்னப் பிள்ளை அசையாமல் படுப்பதுதான் கஷ்டம்.

அப்புறம், இது வெள்ளைக்காரர்களின் நோய் என்று நம் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். ஆசியர்களிடம் அரிதுதான், ஆனால் இந்தியக் குழந்தைகளுக்கும் வருகிறது. விடாத இருமல், எடை ஏறாமை, முத்தமிட்டால் தோலில் உப்புச் சுவை என்றிருந்தால் வியர்வையில் உப்பை அளக்கும் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.