அந்தத் தாய்ப் பென்குயின் வந்ததா, இல்லையா?

நிகழ்ச்சியைப் பாதியில் வெட்டும் அதே வேலையை இன்று மாலையும் பொதுச் சேனலில் செய்துவிட்டார்கள். ஆவணப்படம் முடிய நான்கு நிமிடம்கூட இருந்திருக்காது. ‘நேரலை’ என்று ஒரு சிவப்புப் பட்டை வந்தது, படம் போச்சு.

எந்த இடத்தில் வெட்டினார்கள் என்று சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். அண்டார்டிகா. எம்பரர் பென்குயின். முட்டையிட்ட கையோடு பெண் இரை தேடிக் கடலுக்குப் போய்விட்டது. ஆண் அந்த முட்டையைப் பாதத்தின் மேல் ஏற்றி, வயிற்றுத் தோல் மடிப்பால் மூடிக்கொண்டு இரண்டு மாதத்துக்கும் மேல் நிற்கிறது. ஒரு வாய் இரை கிடையாது. மைனஸ் 40 டிகிரி குளிர். குஞ்சு பொரித்துவிட்டது, தாயைக் காணோம். பட்டினி கிடக்கும் தகப்பன் தன் தொண்டைக்குள்ளிருந்து பால் மாதிரி எதையோ வரவழைத்து ஊட்டுகிறது. அதுவும் சில நாளைக்குத்தான் தாங்கும். அப்போது தூரத்தில் பெண் பென்குயின்கள் வரிசையாக வருகின்றன. ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி நிற்கும் கூட்டத்தில் குரலை வைத்துத்தான் துணையைக் கண்டுபிடிக்க வேண்டும். எங்கிருந்தோ ஒரு குரல். நம்ம ஆள் தலையைத் தூக்குகிறது.

அங்கே வெட்டினார்கள். அங்கே!

எதற்காக? ஒரு திறப்பு விழாவுக்காக. விழா தொடங்கியிருந்தாலாவது மனதைத் தேற்றிக்கொள்ளலாம். மேடையில் ஆளே இல்லை. காலி நாற்காலிகள். ஒருவர் வந்து நடு நாற்காலியைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்திவிட்டுப் போனார். இன்னொருவர் வந்து அதைப் பழைய இடத்துக்கே இழுத்து வைத்தார். முதல் ஆள் திரும்பி வந்து பார்த்தார். ‘ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்’ என்று ஒரு குரல். கேமரா மேசை மேலிருந்த தண்ணீர் பாட்டிலைக் காட்டியது, அப்புறம் பின்னாலிருந்த திரைச்சீலையை, மறுபடி பாட்டிலை. ‘இன்னும் சற்று நேரத்தில்’ என்றார் வர்ணனையாளர். விருந்தினர் வந்து சேர்வதற்குள் அவர் அதையே எத்தனை தடவை சொன்னாரோ! என் நான்கு நிமிடம் அதற்குள் ஐந்து முறை ஓடி முடிந்திருக்கும்.

விழா முடிந்ததும் மிச்சத்தைப் போடுவார்கள் என்று நம்பி உட்கார்ந்திருந்தேன். செய்தி வந்தது. செய்திக்குப் பிறகு நாடகம், அதுவும் பாதியிலிருந்து. ‘ஆவணப்படத்தின் எஞ்சிய பகுதி நாளை’ என்று அடியில் ஒரு வரி ஓட்டக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

இணையத்தில் தேடிப் பார்த்துக்கொள்ளேன் என்பார்கள். தேடலாம். ஆனால் எனக்குப் பென்குயின் மேல் ஆர்வம் உண்டு என்று இன்று மாலைவரை எனக்கே தெரியாதே! எந்தச் செயலியும் எனக்கு அதைக் காட்டியதில்லை. நேற்றுப் பார்த்ததைத்தான் இன்றும் நீட்டும். பொதுச் சேனல் அப்படியில்லை. காலையில் யோகா, அடுத்து மண் பரிசோதனை, பள்ளிப் பாடம், கச்சேரி, சைகைமொழிச் செய்தி என்று ஒரு நாளுக்குள் ஊரில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஏதாவது ஒன்று இருக்கும். மண் பரிசோதனை பார்க்க உட்கார்ந்தவர் எழாமல் இருந்தால் அண்டார்டிகா போய்விடுவார். பிபிசியை வளர்த்த ஜான் ரீத், தகவல், கல்வி, பொழுதுபோக்கு மூன்றும் தர வேண்டும் என்று சொன்னது இதைத்தான். அதைத் தரக்கூடிய ஒரே சேனலே வெட்டினால் எங்கே போவது?

பிபிசி என்றதும் நினைவு வருகிறது. 1939 செப்டம்பர் 1 அன்று போரை முன்னிட்டுத் தொலைக்காட்சியை நிறுத்துவதற்கு முன் அவர்கள் ஒரு மிக்கி மவுஸ் கார்ட்டூன் போட்டார்கள். 1946 ஜூன் 7 அன்று மறுபடி தொடங்கியபோது அதே கார்ட்டூனை எடுத்துப் போட்டார்கள். நடுவில் ஓர் உலகப் போர்! அதைத் தாண்டியும் பார்வையாளரை ஞாபகம் வைத்திருந்தார்கள். இங்கே ஒரு விழாவைத் தாண்டி வைத்திருக்க முடியவில்லை.

1968 நவம்பரில் அமெரிக்காவில் என்பிசி சேனல், நியூயார்க் ஜெட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி 32–29 என்று முன்னிலையில் இருந்த ஆட்டத்தைக் கடைசி நிமிடத்தில் வெட்டிவிட்டுக் குழந்தைகள் படம் போட்டது. ஆட்டம் 43–32 என்று எதிரணி பக்கம் திரும்பியதைப் பாதி நாடு பார்க்கவில்லை. ஆனால் ஜனங்கள் விடவில்லை. தொலைபேசி இணைப்பகமே திணறும் அளவுக்குக் கூப்பிட்டார்கள், சேனல் தலைவர் மன்னிப்புக் கேட்டார். நானும் இன்று கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

அப்புறம், அந்தப் பழைய படங்களை ஏன் இழுத்துப் பிடித்துக் காட்டுகிறீர்கள்? சதுரத் திரைக்கு எடுத்ததை அகலத் திரை முழுக்க விரித்தால் கதாநாயகி முகம் பூசணிக்காய் ஆகிறது, நிலா முட்டையாகிறது. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்துவிட்டுப் போகட்டுமே, யார் கேட்டார்கள்? அந்த அம்மா முகத்தை விடுங்கள்!